மூலை வெட்டிய அட்டை

கையெழுத்துதானே சார், போடுகிறேன். போடமாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அந்த இரண்டாவது வரியை மட்டும் கொஞ்சம் மாற்றிவிடுங்கள். 'சில மாணவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். சில இல்லை சார். 'பெரும்பாலான மாணவர்கள்' என்று போடுங்கள். ஏழாம் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தால் அதில் இருபது பேராவது அந்தச் செராக்ஸ் கடை வாசலில் நிற்கிறார்கள். நான் எண்ணியிருக்கிறேன். இந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் நான் தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

இல்லை, அதற்காக அங்கே உட்காரவில்லை. காற்று வரும்.

அப்புறம், 'ஆசிரியை செண்பகவல்லி புகார் தெரிவித்ததன் பேரில்' என்று ஆரம்பத்தில் இருக்கிறது பாருங்கள், அதை அடித்துவிடுங்கள். நான் புகார் தெரிவிக்கவில்லை. யாரோ பெயர் போடாமல் தாளாளருக்கு மனு அனுப்பியிருக்கிறார்கள். அதை விசாரிக்கத் தாளாளர் உங்களை அனுப்பியிருக்கிறார். நீங்கள் கேட்கிறீர்கள், நான் பதில் சொல்கிறேன். யார் எழுதினார்களோ, எனக்கு என்ன தெரியும்? ஆனால் விஷயம் தெரிந்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமான கடையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போட்டியாகப் பாடம் நடக்கிறது என்று மூன்றாவது பத்தியில் சொல்லியிருப்பது நூற்றுக்கு நூறு உண்மை.

மனுவை நீங்கள் இன்னும் பையிலிருந்து எடுக்கவில்லையா? ஹெட்மாஸ்டர் சொன்னார் சார். அவர்தான் சொன்னார்.

நானாக இருந்தால் கையாலேயே எழுதிப் பெயரும் போட்டிருப்பேன். இதற்காக பஸ் ஏறி டவுனுக்குப் போய் டைப் அடித்துக்கொண்டு வருவார்களா? இந்த ஊரில் டைப் அடிக்க இருக்கிறதும் அவள் கடை ஒன்றுதானே. எழுதியவர் பாவம், நிறையச் சிரமப்பட்டிருக்கிறார்.

கடைக்காரியைத் தெரியுமா என்றா கேட்கிறீர்கள்? நன்றாகத் தெரியும். இசக்கியம்மாளும் நானும் பி.எட். ஒன்றாகப் படித்தோம். ஒரே பெஞ்சு. அதனால்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. வேறு யாராவது கடை வைத்து இதைச் செய்திருந்தால் நான் இத்தனை நேரம் உங்களை உட்காரவைத்திருக்க மாட்டேன், எப்போதோ கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அடுத்த மாதம் கடை ஒப்பந்தம் முடிகிறது, இந்த வாக்குமூலம் போனால் புதுப்பிக்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும். அவள் வீட்டுக்காரர் வேனிலிருந்து விழுந்து இடுப்பில் அடி, மூன்று வருடமாக எழுந்து நடமாட்டம் இல்லை, இந்தக் கடையில்தான் அவர்கள் சாப்பாடு. அதுவும் தெரியும். அதை நான் செய்யவில்லையே சார். மெயின் ரோட்டில் எத்தனை கடை காலியாக இருக்கிறது. செராக்ஸ் கடையைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரேதான் வைக்க வேண்டுமா?

அவளுக்குச் செராக்ஸ் பொருத்தமான வேலைதான். அதில் நான் குறை சொல்லமாட்டேன். அறிவியல்பூர்வமாகவே பொருத்தம்.

எங்கள் கல்லூரியில் உளவியலுக்கு ஞானப்பிரகாசம் என்று ஒரு சார். முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் நடுவாக ஒரு கோடு போட்டார். இந்தப் பக்கம் அகமுகர், அந்தப் பக்கம் புறமுகர். உலகத்தில் இருக்கிற மனிதர்களை எல்லாம் இந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நிறுத்திவிடலாம் என்றார். அகமுகர் பேசமாட்டார். தனியாக இருந்தால் நிம்மதியாக இருப்பார். நூலகம், ஆய்வுக்கூடம், இயந்திரம், இவை அவருக்கு ஏற்ற வேலைகள். புறமுகர் நாலு பேர் நடுவில் நின்றால்தான் மலருவார். ஆசிரியர், வழக்கறிஞர், விற்பனையாளர். நான் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். இன்றைக்கும் ஒருவரைப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். எங்கள் ஹெட்மாஸ்டர் புறமுகர். நீங்கள் அகமுகர் சார். வந்து அரைமணி நேரம் ஆகிறது, நாலு வார்த்தை பேசவில்லை. உங்களுக்கு ஆபீஸ் வேலை ரொம்பப் பொருத்தம்.

இசக்கி அகமுகத்திலும் அகமுகம். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், விடை தெரிந்திருக்கும், ஆனால் குரல் பக்கத்துப் பெஞ்சுக்குக் கேட்காது. நான்தான் உரக்கச் சொல்வேன். 'இசக்கி என்ன சொல்றாள்னா சார்' என்று ஆரம்பிப்பேன். ஞானப்பிரகாசம் சார் சிரிப்பார். "செண்பகவல்லி, நீ அவளுக்கு ஒலிபெருக்கியா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். எனக்கு அவள்மேல் அப்போதெல்லாம் எவ்வளவு பிரியம் தெரியுமா. அவளுக்கு யாரும் இல்லை, நான்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு கற்பித்தல் பயிற்சி வரைக்கும்தான்.

நாற்பது நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ப் பாடம் நடத்த வேண்டும். எங்கள் இருவருக்கும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, இதயம் பாடம். எனக்குக் காலையில், அவளுக்கு மத்தியானம். நான் பத்து நாள் உட்கார்ந்து தெர்மோகோலில் ஒரு இதயம் செய்தேன் சார். இவ்வளவு பெரியது. நாலு அறை, சிவப்புக் குழாய், நீலக் குழாய், வால்வு திறந்து மூடுகிற மாதிரி அட்டையில் கதவு. மேஜைமேல் வைத்தேன். ஒரு பையன் தொட வந்தான். தொடக்கூடாது, தூரத்திலிருந்து பார் என்றேன். அது சரிதானே? உடைந்துவிடாதா? வகுப்பு முழுவதும் சத்தமே இல்லை. அவ்வளவு கட்டுப்பாடு. கடைசி பெஞ்சில் ஞானப்பிரகாசம் சார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

மத்தியானம் இசக்கி போனாள், வெறுங்கையோடு. ஒரு சார்ட் கிடையாது. என் இதயத்தை எடுத்துக்கொள் என்று சொன்னேன், "வேண்டாம்ட்டி, உன்னுது ஒடஞ்சிட்டா?" என்றாள். உள்ளே போய், அதே சின்னக் குரலில் பேசினாள். கேட்கவேண்டும் என்று பிள்ளைகள் எல்லாம் முன்னால் நகர்ந்து நகர்ந்து வந்துவிட்டார்கள். வரிசை போச்சு. "ஒவ்வொருத்தரும் பக்கத்துல இருக்கவங்க கையப் புடிங்க. இந்த எடத்துல. துடிக்குதா? எத்தனை தடவை துடிக்குதுன்னு எண்ணுங்க" என்றாள். ஒரே இரைச்சல். ஒருத்தன் எழுபது என்கிறான், ஒருத்தி நூறு என்கிறாள், ஒருத்தன் 'எனக்குத் துடிக்கலை அக்கா, நான் செத்துட்டேன்' என்று கத்துகிறான். வகுப்பா அது? நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஞானப்பிரகாசம் சார் கடைசி பெஞ்சில் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் மற்ற மாணவிகளிடம் சொன்னார்: "இசக்கியம்மா கிளாஸை ஒரு தடவை எல்லாரும் போய்ப் பாருங்க." போனார்கள். நான் போகவில்லை. ஏற்கெனவே பார்த்துவிட்டேனே.

என் இதயம் அந்தப் பள்ளி அலமாரியிலேயே கிடந்தது. திரும்ப வாங்கப் போகவில்லை.

பயிற்சி முடிந்து கல்லூரிக்குத் திரும்பியபோது ஒரு செய்தி வந்தது. இந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, இதுவும் அந்தக் கல்லூரியும் ஒரே நிர்வாகம். இங்கே அறிவியலுக்கு ஒரு இடம் காலி, நிரந்தர வேலை. பழைய தாளாளர், இப்போதைய தாளாளரின் அப்பா, ஒரு விசித்திரமான மனிதர். எதையும் சோதித்துத்தான் செய்ய வேண்டும் என்பார். கல்லூரியிலிருந்தே ஒருவரை எடுக்கிறேன், ஆனால் எனக்குச் சிபாரிசு வேண்டாம், உளவியல் சோதனை மதிப்பெண் அனுப்புங்கள் என்றுவிட்டார். யார் பெயர் அடிபட்டது என்று நினைக்கிறீர்கள்? இரண்டே பெயர். அவள், நான்.

எங்கள் செய்முறைப் பதிவேட்டில் பத்து சோதனை இருக்கும். ஒன்பதை எல்லாரும் போன வருட மாணவிகளின் பதிவேட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவோம். ஞானப்பிரகாசம் சாருக்கும் தெரியும். பத்தாவது சோதனையை மட்டும் உண்மையாகச் செய்யச் சொன்னார். கற்பித்தல் நாட்டமறி சோதனை. ஒருவருக்கு ஆசிரியர் வேலை பொருந்துமா என்று பார்ப்பது. ஐம்பது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம், ஆம், இல்லை. ஒன்றில் குறி போட வேண்டும். ஐம்பதுக்கு முப்பத்தைந்துக்கு மேல் வந்தால் ஆசிரியர் வேலைக்கு மிகவும் ஏற்றவர். இருபதுக்குக் கீழே வந்தால் வேறு தொழில் பார்ப்பது நல்லது. பெஞ்சில் இருக்கிற இருவர் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். அவள் தாளை நான் எண்ணுவேன், என் தாளை அவள்.

எண்ணுவதற்கு ஒரு அட்டை உண்டு. காலண்டர் அட்டையில் சாரே பிளேடால் வெட்டிச் செய்தது. வரிக்கு ஒரு ஓட்டை, ஐம்பது ஓட்டை. தாள்மேல் வைத்து, ஓட்டை வழியாகத் தெரிகிற குறிகளை எண்ணினால் அதுதான் மதிப்பெண். இதில் ஒரே ஒரு சங்கதி இருக்கிறது. அட்டையின் ஒரு மூலையை வெட்டியிருப்பார். அந்த மூலை மேலே வலது பக்கம் இருக்க வேண்டும். தப்பித் தவறி அட்டையைப் புரட்டி வைத்துவிட்டால் எல்லா வரியிலும் எதிர்க் கட்டம்தான் தெரியும். நாற்பது வாங்கியவருக்குப் பத்து வரும், பத்து வாங்கியவருக்கு நாற்பது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இசக்கி என் தாளை எண்ணினாள். நான் உண்மையாகப் பதில் போட்டிருந்தேன் சார். உண்மையைப் போடுங்கள், இதில் சரி தப்பு கிடையாது என்று சார் சொல்லியிருந்தார். 'பிள்ளைகள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும்.' ஆம் என்று போட்டேன். யாருக்குத்தான் வராது? 'சத்தமான இடத்தில் இருந்தால் தலை வலிக்கும்.' ஆம். 'என் பொருளைப் பிறர் எடுத்துப் பார்த்தால் பொறுத்துக்கொள்வேன்.' இல்லை. 'என்னைவிட ஒருவர் நன்றாகச் செய்தால் மகிழ்ச்சி அடைவேன்.' இல்லை. அதில் கொஞ்சம் யோசித்தேன். யோசித்துத்தான் இல்லை என்று போட்டேன். பொய் சொல்லி மார்க் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

இசக்கி அட்டையை வைத்து எண்ணினாள். உதடு அசைந்தது. முடித்தாள்.

"எவ்வளவுட்டி?" என்றேன்.

"இரு" என்றாள். திரும்ப எண்ணினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அட்டையை எடுத்தாள், புரட்டினாள், மறுபடி வைத்து எண்ணினாள். இப்படித்தான் சார், எண்ணக்கூட வராது. பிறகு, "முப்பத்தாறு" என்று சொல்லிப் பதிவேட்டில் எழுதினாள். என் தாளை எழுத்து உள்ளே போகிற மாதிரி நாலாக மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். எனக்குப் பார்க்கக்கூடக் கொடுக்கவில்லை. முப்பத்தாறு. மிகவும் ஏற்றவர். உண்மைக்குக் கிடைத்த மார்க்.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? எண்ணியது அவள். எழுதியதும் அவள். நான் தொடவே இல்லை.

அடுத்து அவள் தாள். அட்டையை என்னிடம் கொடுக்கும்போது "மூலை பாத்து வைக்கணும்ட்டி" என்றாள். அவ்வளவுதான். என்ன மூலை, எந்தப் பக்கம், ஏன், எதற்கு, ஒரு விளக்கம் கிடையாது. ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்க வராது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நான் வைத்தேன், எண்ணினேன். பதிமூன்று. எனக்கே ஆச்சரியம். திரும்ப எண்ணினேன். பதிமூன்றுதான்.

"பதிமூணுட்டி" என்றேன். குரலை இறக்கித்தான் சொன்னேன், அவளுக்குக் கஷ்டமாக இருக்கக்கூடாதென்று.

அவள் என் கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

ஞானப்பிரகாசம் சார் மதிப்பெண்களைப் பட்டியலில் குறித்துக்கொண்டு வந்தார். அறுபது பதிவேட்டில் அவரால் ஒவ்வொரு உறையையும் பிரிக்க முடியுமா? எங்கள் பெஞ்சில் மட்டும் நின்றார். "இசக்கியம்மாவுக்குப் பதிமூணா? சரியா எண்ணுனீங்களா?" என்றார். "ரெண்டு தடவை எண்ணிட்டேன் சார்" என்றேன். அது பொய்யா? இரண்டு தடவைதானே எண்ணினேன். அவர் அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னேனே, அகமுகம்.

அட்டையை ஆய்வுக்கூடத்தில் திருப்பிக் கொடுக்கும்போதுதான் நான் கவனித்தேன். எண்ணும்போது வெட்டிய மூலை என் இடது கைப் பெருவிரலுக்குக் கீழே இருந்தது. அந்தப் பெருவிரல் அந்த வெட்டில் உறுத்திக்கொண்டே இருந்தது, அது ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பதிவேடு உள்ளே போய்விட்டது. ஞானப்பிரகாசம் சாருக்கு அடித்தல் திருத்தல் பிடிக்காது. அதோடு, அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே திரும்ப எண்ணியிருப்பேன். கேட்கவில்லையே. தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கத் தெரியாதவள் முப்பது பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பாள்?

எனக்கு இந்த வேலை வந்தது. பதினாறு வருடம் ஆகிறது. ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. பாடத்திட்டம் எழுதாமல் வகுப்புக்குப் போனதில்லை.

அவள் வேறு எங்கேயும் ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போடவில்லை. ஞானப்பிரகாசம் சார்தான் அவளைக் கூப்பிட்டுப் பேசினார், பொருந்தாத வேலையில் போய்க் கஷ்டப்படாதேம்மா என்று. கம்ப்யூட்டர் கோர்ஸ் போ என்று நானும் சொன்னேன். அந்த யோசனை என்னுடையது. இன்றைக்கு அவள் ஒரு கடை வைத்திருக்கிறாள் என்றால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அவளிடம் கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்வாள்.

இல்லை, வேண்டாம். அவளிடம் போக வேண்டாம். நான் சொல்வதே போதும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எதிர்ச் சாரியில் புதுப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வருகிறேன், ஏணிமேல் நின்றவள் திரும்பிப் பார்த்து, "ஏட்டி செம்பகம்! நீ இன்னும் இந்தப் பள்ளிக்கொடந்தானா? நல்லதாப் போச்சுட்டி" என்று இறங்கி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை ஊர் இருக்கிறது சார். எத்தனை தெரு இருக்கிறது. நான் பதினாறு வருடமாக முன்னால் நிற்கிற கேட்டுக்கு நேர் எதிரே.

முதல் வருடம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒன்றிரண்டு பிள்ளைகள் படம் செராக்ஸ் எடுக்கப் போனார்கள். மெஷின் சூடாகிற நேரத்துக்கு அவள் ஏதாவது கேட்பாள் போல. இது என்ன படம், எதுக்கு இந்தக் குழாய் வளைஞ்சிருக்கு என்று. அது இப்படி வளர்ந்துவிட்டது. நான் வகுப்பில் சூரிய கிரகணம் நடத்துகிறேன். புரிந்ததா என்றால் புரிந்தது என்கிறார்கள். மத்தியானம் பார்த்தால் கடை வாசலில் ஒருத்தன் சூரியனாக நிற்கிறான், ஒருத்தி அவனைச் சுற்றி ஓடுகிறாள், இசக்கி உள்ளே நோட்டுக்கு ஸ்பைரல் போட்டுக்கொண்டே 'நிழல் எங்க விழுது பாரு, நிழல் எங்க விழுது' என்கிறாள். தெருவில் சார். வண்டி போகிற தெருவில்.

போன வருடம் என் வகுப்புத் தேர்ச்சி நன்றாக ஏறியது. தாளாளர் ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டார். அது என் உழைப்பு. அதற்கும் கடைக்கும் சம்பந்தமில்லை. இதைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

இதையெல்லாம்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செப்டம்பர் ஐந்தாம் தேதிதான் எனக்கு... ஆசிரியர் தினம் சார். எட்டரை மணிக்கு இதே ஜன்னல். பிள்ளைகள் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எல்லார் கையிலும் ஒரு ரோஜா, காம்பில் வெள்ளித் தாள் சுற்றியது. கேட்டுக்குள் வருவார்கள் என்று பார்க்கிறேன். தெருவைத் தாண்டுகிறார்கள். வரிசையாக, நான் எத்தனை தடவை சொன்னாலும் நிற்காத வரிசை, அங்கே நிற்கிறார்கள். அவள் பூவை வாங்கி வைக்க இடமில்லாமல் செராக்ஸ் மெஷின் மூடிமேல் வைக்கிறாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் கடையில் ஒரு பிரதிகூட எடுத்திருக்க முடியாது.

எனக்கும் கொடுத்தார்கள். கொடுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஏழாம் வகுப்பு எல்லாரும் சேர்ந்து ஒரு பேனா. லீடர் வந்து கொடுத்தான். சிவப்பு மைப் பேனா.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு டவுனில் கொஞ்சம் வேலை இருந்தது. போய்விட்டு வர ஏழு மணி ஆகிவிட்டது.

மாற்றி எழுதிவிட்டீர்களா? கொடுங்கள். 'பெரும்பாலான.' சரி. 'பள்ளியின் ஒழுங்குக்கு இடையூறாக.' சரி. இது போக இரண்டு பிரதி வேண்டுமா? மூன்றிலும் தனித்தனியாகப் பேனாவால் கையெழுத்து வேண்டுமா? நீங்கள் உட்காருங்கள் சார், டீ வரும். நான் போய் எடுத்து வருகிறேன். எங்கே போவது, இந்த ஊரில் இருக்கிறது அவள் மெஷின் ஒன்றுதான். நீங்கள் போகாதீர்கள். நீங்கள் போனால் ஒரு நிமிடம் உட்காரச் சொல்வாள். சாப்பிட்டீர்களா என்பாள். உட்கார்ந்துவிடுவீர்கள். எல்லாரும் அப்படித்தான் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

*

தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லை. டீ குடித்தீர்களா?

நான் போனதும் அவளுக்கு ஆச்சரியம். மூன்று வருடத்தில் நான் அந்தப் படி ஏறியது இதுதான் முதல் தடவை. "என்னட்டி, அதிசயமா இருக்கு" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். இரண்டு பிரதி என்றேன். "இப்ப வந்துரும் கரண்டு, உக்காரு. சாப்ட்டியா?" என்றாள். சொன்னேன் இல்லையா? நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். தாளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன தாள் என்று கேட்கவில்லை.

வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே நின்றாள், மூடவும் தெரியாமல், போகவும் தெரியாமல். "ஏட்டி, டீச்சர் ஒன்னும் சொல்ல மாட்டாங்க, உக்காந்து சாப்பிடு" என்றாள் இசக்கி. நான் என்ன சொல்வேன், சொல்லமாட்டேன் என்று இவள் எப்படிச் சொல்லலாம்?

அப்புறம் அவளாகவே சொன்னாள்: "உன் ஏழாங்கிளாஸ் மாரிச்செல்வம் இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல உங்கிட்ட வருவான். ஒளி ஏன் வளையுதுன்னு கேட்டான். எனக்குத் தெரியும், ஆனா டீச்சர்கிட்டயே போய்க் கேளுன்னு அனுப்பிட்டேன். அவங்கதான் நல்லாச் சொல்லுவாங்கன்னேன். வந்தான்னா கொஞ்சம் பொறுமையாச் சொல்லுட்டி, அவன் ரெண்டு தடவை கேப்பான்."

என் வகுப்புப் பையனை என்னிடம் இவள் அனுப்பி வைக்கிறாள் சார்.

கரண்ட் வந்தது. அவள் கையில் கொடுக்காமல் நானே மூடியைத் தூக்கித் தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தேன். அவள் எட்டிப் பார்த்து, "அப்படி இல்லட்டி. மூலை பாத்து வைக்கணும்" என்று தாளை அரை விரல் நகர்த்தினாள். இன்றைக்கும் அதே பேச்சு. பதினாறு வருடத்தில் ஒரு வார்த்தை கூடுதலாக விளக்கத் தெரியவில்லை. கண்ணாடி ஓரத்தில் ஒரு குறி இருக்கிறது என்று சொன்னால் நானே வைக்கமாட்டேனா?

இரண்டு பிரதியும் வந்தது. சூடாக இருந்தது. நான் வாங்கிக்கொண்டு கவிழ்த்துப் பிடித்தபடி படி இறங்கினேன். பாதித் தெருவில் கூப்பிட்டாள்.

"ஏட்டி, ஒரிஜினலை விட்டுட்டுப் போற."

எல்லாரும் மறந்துவிட்டுப் போவார்களாம், மூடிக்கு அடியில். திரும்பிப் போனேன். அதற்குள் அவள் எடுத்து வைத்திருந்தாள். எழுத்து உள்ளே போகிற மாதிரி நாலாக மடித்து வைத்திருந்தாள். அதனால்தான் சார் இந்த மடிப்பு. நான் மடிக்கவில்லை.

படித்தாளா, தெரியவில்லை. படித்திருந்தால் ஏதாவது கேட்டிருப்பாள். யாராக இருந்தாலும் கேட்பார்கள் இல்லையா? அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்தச் சிறுமிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இதோ சார், மூன்றிலும் போட்டுவிட்டேன். நீல மைதான், பாருங்கள். மணி அடிக்கப் போகிறதே, இங்கே வந்து போட்டால் ஏழாம் வகுப்புக்குத் தாமதமாகிவிடும் என்று அங்கேயே போட்டேன். என்னிடம் இருந்தது அந்தச் சிவப்புப் பேனா. சிவப்பில் போட்டால் செல்லாதே. "பேனா இருக்கா" என்று கேட்டேன். கவுண்டரில் ஒரு பேனாவை நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள், வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று. ஒரிஜினலைப் பிரித்து வைத்து ஒரு கையெழுத்துப் போட்டேன். அடுத்த தாளுக்கு நூல் எட்டவில்லை. இழுத்துப் பார்த்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து, முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி அவிழ்த்து, பேனாவை என் பக்கம் வைத்தாள்.